கொல்லைப்புற எலுமிச்சையும் கொல்லாமை நோன்பும்

நமது இல்லங்களில் அடிக்கடி எழும் ஐயங்களுள் ஒன்று, பார்வைக்குச் சிறியதாயினும், நம் அறத்தின் ஆணிவேரையே தொட்டு நிற்கிறது. கொல்லையில் நட்டு வளர்த்த எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி முதலிய மரங்களைக் கவாத்து செய்யலாமா, கூடாதா என்பதே அது. "பச்சை மரத்தில் கத்தி வைப்பது பாவம், அது தன் போக்கில் வளரட்டும்" என்பர் பெரியவர்கள். "வெட்டாவிட்டால் மரம் காய்க்காது" என்பர் இளைஞர்கள். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. இருவரும் ஆராயாது விட்ட பகுதியும் உண்டு. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இதனைப் பழக்கத்தின்பால் விட்டுவிடாது நூல்நெறி கொண்டும் தோட்டத்தின் இயல்பு கொண்டும் எண்ணிப் பார்த்தல் தகும்.

மரம் உயிருடையது என்பதில் நமக்கு ஐயமில்லை. மண், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்ட நிலையியல் உயிர்களைப் பற்றி நம் ஆகமங்கள் விரித்துரைக்கின்றன. தாவரத்திற்கு ஊறு எனப்படும் தொடுபுலன் ஒன்றே உண்டு. தொல்காப்பிய மரபியலும் மரத்தை ஓரறிவுயிர் என்றே வகுக்கிறது. கல்கத்தாவில் 1917ஆம் ஆண்டு தமது ஆய்வு நிலையத்தை நிறுவிய ஜகதீச சந்திர போஸ் அவர்கள், தூண்டுதல்களுக்குச் செடிகள் எதிர்வினை புரிவதை நுண்கருவிகளால் அளந்து காட்டினார்கள். ஆயினும் விலங்குகளுக்குள்ளது போன்ற நரம்பு மண்டலம் செடிகளுக்கு இல்லை. அவை நம்மைப் போல் வலியை உணர்கின்றன என்று இக்கால அறிவியல் நிறுவவில்லை. நம் நூல்களும் ஓரறிவுயிரையும் ஐயறிவுயிரையும் ஒரே நிறையில் வைத்துப் பேசவில்லை. உயிர் என்பதனால் மதிப்பு உண்டு. அறிவின் அளவினால் தீங்கின் அளவில் வேறுபாடும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்தே பிடித்தல் வேண்டும். ஒன்றைக் கைவிட்டால் கொடுமை வரும். மற்றொன்றைக் கைவிட்டால் குழப்பம் வரும்.

இல்லறத்தானுக்கு நூல்கள் விதித்தது யாது? முனிவர்க்குரிய மாவிரதம் நிலையியல் உயிர்க்கும் ஊறு செய்யாமையை வேண்டுகிறது. இல்லறத்தார்க்குரிய அணுவிரதம், இயங்கும் உயிர்களை மனமறிந்து கொல்லாமையை வேண்டுகிறது. ஆனால் இதனைக் கொண்டு, செடிகொடிகளை எப்படியும் செய்யலாம் என்று கூறுவார் அணுவிரதத்தின் ஒரு பாதியையே அறிந்தவர் ஆவர். இன்றியமையாத தேவைக்காக நேரும் சிறிதளவு ஓரறிவுயிர்த் தீங்கு நீங்கலாக, எஞ்சிய நிலையியல் உயிர்களுக்குத் தீங்கு செய்வதிலிருந்தும் இல்லறத்தான் விலக வேண்டும் என்று அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அறிவுறுத்துகிறார். சமந்தபத்ர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பயனில் செயல்களை விலக்கும் குணவிரதத்தைக் கூறுமிடத்து, பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றைச் சோர்வின்பாற்பட்ட குற்றமாக எண்ணுகிறார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். எனவே இல்லறத்தானை நோக்கி நூல் கேட்கும் கேள்வி, "வெட்டினாயா?" என்பது மட்டுமன்று, "எதற்காக வெட்டினாய், எவ்வளவு வெட்டினாய், எவ்வாறு வெட்டினாய்?" என்பதாகும்.

சென்னையிலிருந்து பொன்னேரிக்குச் செல்லும் வழியில் புழலில் கோயில் கொண்டருளும் ஆதிநாதப் பெருமானே, கருமபூமி தொடங்கிய காலத்தில் மக்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தவர். அவற்றுள் உழவும் ஒன்று. தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக உழவரே. உழவன் கையில் கருவி இருப்பதை நம் மரபு என்றும் மறைத்ததில்லை. இத்தீங்கிற்கு ஆரம்ப ஹிம்சை என்று பெயரிட்டு, அதனைக் கணக்கில் வைத்து, குறைத்துக் கொள்ளுமாறு கூறிற்று. இல்லை என்று மறுப்பதும், ஏதுமில்லை என்று அலட்சியம் செய்வதும் நம் நெறியல்ல.

இனி மரத்தின் பக்கம் திரும்புவோம். "வெட்டாவிட்டால் காய்க்காது" என்ற கூற்று திராட்சைக் கொடிக்குப் பெரும்பாலும் பொருந்தும். எலுமிச்சை இனத்திற்குப் பொருந்தாது. எலுமிச்சை இனம் என்றும் பசுமையானது. தன் இலைகளிலும் கிளைகளிலும் உணவைச் சேர்த்து வைப்பது. பூவும் காயும் புதுத்தளிர்களோடு தோன்றுவன. ஆகவே கடுமையாக வெட்டப்பட்ட மரம், காய்ப்பதற்குச் செலவிட வேண்டிய ஆற்றலை இழந்த இலைகளை மீட்பதில் செலவிடுகிறது. நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயில்பட்டு வெடிக்கிறது. மிகுதியாக வெட்டினால் மிகுதியாகக் காய்க்கும் என்பது இம்மரத்தைப் பொறுத்தவரை பிழையான எண்ணம். இங்கு அறநூலும் தோட்டக்கலையும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

ஆனால் "தன் போக்கில் விடுவதே கொல்லாமை" என்பதும் முழு உண்மையன்று. சாத்துக்குடி போன்றவை பெரும்பாலும் காட்டு எலுமிச்சை இனத்து வேர்ச்செடியின்மேல் மொட்டுக் கட்டி வளர்க்கப்படுகின்றன. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து எழும் முட்செறிந்த போத்துகளை விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் அவை ஓங்கி, நாம் நட்ட மரம் நலிந்து மடியும். தரையைத் தொடும் தாழ்கிளைகளின் மீது மழைத்துளி சேற்றைத் தெறிக்கும். அச்சேற்றிலுள்ள பூஞ்சை ஏறிப் பிசின் கசியும் நோய் வரும். காய்ந்த சுள்ளிகள் உட்பக்கம் அடர்ந்து காற்றோட்டத்தைத் தடுக்கும். மரத்தைத் தானே வளரும் காட்டிலிருந்து பெயர்த்து, நமது விருப்பத்திற்காக ஒட்டுக் கட்டி, நான்கு சுவர்களுக்கிடையே நட்டவர்கள் நாமே. நட்டபின் கைவிடுதல் அறமாகாது. பசுவைக் கொட்டிலில் கட்டியவன் அதற்குத் தீனி வைக்கக் கடமைப்பட்டவன் அல்லனோ?

எனவே கவாத்து என்ற ஒரே சொல்லுக்குள் மூவகைச் செயல்கள் அடங்கியிருப்பதைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, மரத்தின் பொருட்டுச் செய்வது: காய்ந்த சுள்ளி, நோயுற்ற கிளை, உராய்ந்து புண்படுத்தும் இரு கிளைகளுள் ஒன்று, ஒட்டுக்குக் கீழுள்ள போத்து ஆகியவற்றை நீக்குதல். இரண்டாவது, நம் பொருட்டுச் செய்வது: பறிப்பதற்கு எளிதாக உயரத்தைக் குறைத்தல், நடைபாதையில் நீளும் முட்கிளையை அகற்றுதல். மூன்றாவது, எவர் பொருட்டும் அல்லாது செய்வது: அழகென்று கருதி உருண்டையாகக் கத்தரித்தல், கருவி புதிது என்பதற்காக வெட்டிப் பார்த்தல், அண்டை வீட்டார் வெட்டினர் என்பதற்காக வெட்டுதல். சமந்தபத்ரர் விலக்கியது இம்மூன்றாவதைத்தான். இரண்டாவதற்கு அளவு வேண்டும். முதலாவதற்கு அறிவு வேண்டும்.

இவ்விடத்தில் மருத்துவர் உவமையைப் பலர் கூறுவதுண்டு. நோயாளியின் உடலை அறுக்கும் மருத்துவர் கொலைஞர் ஆகார் என்பது உண்மையே. ஆனால் அவ்வுவமையை நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். மருத்துவர் அறுப்பது நோயாளி வாழ்வதற்காக. நாம் வெட்டுவது பல வேளைகளில் நமக்குக் கனி வேண்டும் என்பதற்காக. நம் விருப்பத்திற்காக வெட்டிவிட்டு, "மரத்தின் நன்மைக்காகச் செய்தோம்" என்று கூறிக்கொள்வது கொல்லாமையோடு வாய்மையையும் சேர்த்து இழப்பதாகும். நமக்காக வெட்டியதை நமக்காக வெட்டியது என்றே ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்டால்தான் அடுத்த முறை ஒரு கிளையேனும் குறைப்போம்.

கோம்மடசாரத்தில் லேச்யைகளை விளக்க எடுத்துக்காட்டாக வரும் கனிமரக் கதையை நம் குழந்தைகளும் அறிவர். காட்டில் வழி தவறிய ஆறு பேர் கனி நிறைந்த மரமொன்றைக் கண்டனர். வேரோடு சாய்க்க எண்ணினான் ஒருவன், அடிமரத்தை வெட்ட எண்ணினான் ஒருவன், பெருங்கிளையை ஒருவன், சிறுகிளையை ஒருவன், கனியை மட்டும் பறிக்க ஒருவன், தானே உதிர்ந்த கனியை எடுத்துண்ண ஒருவன். கருமை, நீலம், புறாநிறம் ஆகிய முதல் மூன்று லேச்யைகளும் தீயவை. பொன்மை, பதுமம், வெண்மை ஆகிய பின் மூன்றும் நல்லவை. பெருங்கிளைக்கும் சிறுகிளைக்கும் இடையிலேதான் ஆசாரியர் கோடு கிழித்துள்ளார் என்பதை நாம் ஊன்றி நோக்குவதில்லை. ஆறு பேருக்கும் பசி ஒன்றே, கனியும் ஒன்றே. பசிக்குத் தேவையானதற்கும் மனம் வெட்ட நினைத்ததற்கும் இடையேயுள்ள தொலைவே அவர்களுடைய நிறத்தைத் தீர்மானித்தது. எலுமிச்சையோ நன்கு பழுத்துத் தானே உதிரும் இயல்பினது. காலையில் மரத்தடியில் கிடக்கும் மஞ்சள் பழங்களைப் பொறுக்கியே ஊறுகாய்க்கும் பானகத்திற்கும் பயன்கொள்ளலாம். வெண்ணிற லேச்யைக்குரிய செயல் நமது கொல்லையிலேயே கைக்கெட்டும் தொலைவில் உள்ளது.

பொன்னேரி வட்டாரத்து அன்பர்களுக்கு இதில் தனிச் சிறப்பான பாடம் ஒன்றுண்டு. கிழக்கே பழவேற்காடு ஏரி. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்துப் பெரியது. ஏரிக்கரை மீனவ ஊர்களிலும் அவற்றை அடுத்த சிற்றூர்களிலும் மண் மணற்பாங்கானது. காற்றில் உப்பு உண்டு. மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால் கடல்நீர் உட்புகுந்துள்ளமையை நீரியலார் பல பத்தாண்டுகளாக எடுத்துக் கூறி வருகின்றனர். பழமரங்களுள் உப்பை மிகவும் தாங்காதவற்றுள் எலுமிச்சை இனம் ஒன்று. உவர்நீர் பாய்ந்தால் இலை நுனி கருகும்; இலை உதிரும்; கிளை நுனியிலிருந்து காய்ந்து வரும். காய்ந்த கிளையைக் கண்டவுடன் நாம் கத்தரிக்கோலை எடுக்கிறோம். அடுத்த ஆண்டு இன்னும் சில கிளைகள் காய்கின்றன, மீண்டும் வெட்டுகிறோம். மரம் குறைகிறதே அன்றி நோய் குறைவதில்லை. நோய் கிளையில் இல்லை, நீரில் இருக்கிறது. மழைநீரைச் சேர்த்து ஊற்றுதலும், மட்கிய குப்பை இடுதலும், வேர்ப்பாத்தியைச் சருகால் மூடுதலும் செய்தால் வெட்ட வேண்டிய தேவையே பெரிதும் குறையும். காரணத்தை ஆராயாது காரியத்தை வெட்டுதல் சோர்வு. சோர்வோடு கூடிய செயலால் உயிருக்கு நேரும் ஊறே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் கூறுகிறது.

அவ்வேரியில் மீன்பிடிப்போர் வாழ்வு நமது நோன்பிற்கு மாறானதே. ஆயினும் அவர்களிடமும் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அங்கே பாடு என்னும் முறை வழங்கி வந்துள்ளது. எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு வகுத்துக்கொண்டு, தம் முறை அல்லாத நாளில் அவ்விடத்தை விட்டு விலகி நிற்பர். கைக்கு எட்டும் பொருளாயினும் முறையும் வரையறையும் இன்றி எடுக்கலாகாது என்பதை அவர்கள் ஊர்க் கட்டுப்பாடாகவே வைத்துள்ளனர். உயிர்க்கொலையை விலக்கிய நாமோ, நம் கொல்லை, நம் மரம் என்ற எண்ணத்தால் வரையறையே இன்றி வெட்டுவோமாயின் யாரைக் குறைகூற இயலும்? போகோபபோகப் பரிமாணம் என்ற குணவிரதம் நுகர்பொருளுக்கு எல்லை வகுப்பது. கருவிக்கும் அவ்வெல்லை வேண்டும். இவ்வாண்டு இத்தனை கிளைக்கு மேல் வெட்டுவதில்லை என்று முன்னரே உறுதி கொள்வது சிறந்த நோன்பாகும்.

மரத்தைக் காட்டிலும் நாம் மிகுதியாக அஞ்ச வேண்டியது அதனுள் வாழும் இயங்குயிர்களுக்காகவே. எறும்பு மூவறிவுயிர், வண்டு நாலறிவுயிர், பறவை ஐயறிவுயிர். எலுமிச்சை இலைகளில் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் மேயும். இளம்புழு பறவை எச்சம் போலவும், வளர்ந்த புழு இலையின் பச்சை நிறத்திலும் இருப்பதால் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. தையல்சிட்டு இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். முசிறு இலைகளைப் பிணைத்துக் குடியிருக்கும். பார்க்காமல் வெட்டிய ஒரு சிறுகிளை ஒரு குடும்பத்தையே அழித்துவிடக் கூடும். பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோக்கிச் செய்க என்ற சமிதி முனிவர்க்கு விதிக்கப்பட்டதாயினும் இல்லறத்தானுக்கும் வழிகாட்டியே. கூடு இருப்பின் குஞ்சுகள் பறக்கும்வரை பொறுத்தல் வேண்டும். வளர்ந்த மரம் சில புழுக்கள் தின்பதனால் மடிவதில்லை. வெட்டிய சுள்ளிகளை உடனே தீயிலிடாது ஓரிரு நாள் நிழலில் வைத்தால் அவற்றிலுள்ள சிற்றுயிர்கள் வெளியேறும்.

முசிறைப் பற்றி ஒரு நுட்பம். சீன நாட்டில் கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் நூலொன்று, ஆரஞ்சு மரங்களைப் பூச்சிகளிடமிருந்து காக்க எறும்புக் கூடுகளை விலைக்கு வாங்கிக் கட்டிய செய்தியைக் கூறுகிறது. நஞ்சு தெளிப்பதைவிட இது மேலானது என்று நமக்குத் தோன்றலாம். தானே வந்து குடியேறிய எறும்பை விரட்டாது விடுதல் வேறு. பிற உயிரைக் கொல்லும் பொருட்டு விலைகொடுத்து ஏவுதல் வேறு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில்களே.

இக்கருத்தே நம் வீடுகளில் நிலவும் வேறொரு பழக்கத்தையும் சோதிக்கிறது. "நாம் வெட்டக் கூடாது, கூலிக்கு ஆள் வைத்து வெட்டினால் குற்றமில்லை" என்று கருதுவார் உளர். அது நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வதாகும். செய்வித்த வினை நம்முடையதே. அதனினும் கேடு, கூலியாளுக்கு எந்தக் கிளை எதற்காகப் போக வேண்டும் என்று சொல்வாரின்றி, வேலை செய்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் மிகுதியாக வெட்டிவிடுவார். வெட்ட வேண்டுமாயின் நோன்புடையவரே அருகில் நின்று, கிளை கிளையாகப் பார்த்துச் செய்தலே பொறுப்பாகும்.

காலமும் கருதத்தக்கது. எலுமிச்சை இனத்தைத் தாக்கும் சொறிநோய் மழைச்சாரலாலும் காற்றாலும் பரவி, புண்கள் வழியே உட்புகும். ஆதலால் மழைக்காலத்தில் வெட்டுதல் ஆகாது. நம் மரபிலும் சாதுர்மாஸ்யம் சிற்றுயிர்கள் பெருகும் காலமாகக் கருதப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை, மாசி மாதங்களில், காய்ப்பு முடிந்த மரத்தில், உலர்ந்த நாளில் செய்தல் மரத்திற்கும் நோன்பிற்கும் பொருந்தும். அட்டமி, சதுர்த்தசி நாள்களை விலக்குக. தளிர்களைக் கிள்ளாதிருப்பதும் நன்று. நரம்பும் கணுவும் வெளிப்படாத இளம் உறுப்புகள் எண்ணிறந்த உயிர்களுக்கு இருப்பிடம் என்பது ஆகமக் கருத்து. கருவி கூர்மையாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். கிளையின் அடியில் மோதிரம் போலத் தடித்திருக்கும் பகுதியை விட்டு வெட்டினால், மரம் தானே அப்புண்ணைச் சுற்றி மூடிக்கொள்ளும். அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் புண் பெரிதாகி உள்ளே அழுகல் பரவும். மரம் பழுதுற்ற பகுதியைச் சுவரெழுப்பித் தனிமைப்படுத்துவதை அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ பல்லாயிரம் மரங்களை அறுத்து ஆராய்ந்து விளக்கினார்.

அளவு தவறினால் நேர்வதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், 1995இல் மயாமி வட்டாரத்தில் இதே சொறிநோய் காணப்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல், நோயுற்ற ஒரு மரத்திலிருந்து 1,900 அடி தொலைவிற்குள் இருந்த எலுமிச்சை இன மரங்கள் அனைத்தும், நலமாக இருந்தவையும் வீட்டுத் தோட்டத்தில் இருந்தவையும் உட்பட, வெட்டி வீழ்த்தப்பட்டன. மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் அரசின் சட்டத்தை ஏற்றது. ஆனால் 2004, 2005 ஆண்டுகளின் புயல்கள் நோயை எங்கும் பரப்பிவிட, 2006 சனவரியில் அத்திட்டமே கைவிடப்பட்டது. அதற்குள் ஒரு கோடியே அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மரங்கள் போயின. பல உழவர் வாழ்வைக் காக்கும் நோக்கத்தோடு அவர்கள் செய்ததை நாம் எளிதில் இகழ்தல் முறையன்று. எனினும் ஓர் உண்மை விளங்குகிறது: கருத்து தவறெனத் தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம், வெட்டிய மரத்தை மாற்ற இயலாது. மீட்க இயலாத செயலுக்கு முன் ஐயம் இருந்தால், பொறுத்திருத்தலே அறம்.

பெற்ற கனியைப் பயன்கொள்வதிலும் அறம் உண்டு. வண்டிச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கவும், கண்ணேறு கழிக்க வாயிலில் கட்டி வாட விடவும் எலுமிச்சையைப் பறிப்பது உலக மூடத்தின்பாற்பட்டது. நற்காட்சி உடையார் அதனைச் செய்யார். ஓரறிவுயிர் தந்த கனி, தாகம் தீர்க்கவும் அயலாருக்கு ஈயவும் பயன்படுமாயின், அதனை வளர்க்க நேர்ந்த சிறு தீங்கிற்கு ஒரு பொருளேனும் உண்டு.

ஆகவே பெரியவர்களுக்கு நாம் கூறுவது: தங்கள் அச்சம் நல்லது, ஆனால் கைகட்டி நிற்பது மட்டும் கொல்லாமை ஆகாது. இளைஞர்களுக்குக் கூறுவது: உங்கள் அக்கறை நல்லது, ஆனால் அறிந்ததைவிட அதிகமாக வெட்ட வேண்டாம். குந்தகுந்த ஆசாரியர் பிரவசனசாரத்தில் அருளியதன் கருத்து, உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் விழிப்பில்லாதவனுக்கு ஹிம்சை உறுதி என்பதாகும். முயற்சியோடு விழிப்புற்று ஒழுகும் முனிவர்க்கு அவர் உரைத்த விலக்கை, ஆசையோடு கனி நோக்கி நிற்கும் நாம் நமக்கெனக் கொள்ளலாகாது. வெட்டிய அன்று மாலை பிரதிக்கிரமணத்தில் அதனையும் நினைந்து, ஓரறிவுயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுவோம். அடுத்த ஆண்டு கத்தரிக்கோலை எடுக்கும்போது கை சற்றே தயங்குமாயின், நோன்பு நம்மிடம் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம்.

அறம் வளர்க!